தரிப்பிடம் எனது, மின்னேற்றும் உரிமை எவரது?

வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ தொடர்மாடி வீடு வாங்கிய ஒருவர், வாழ்நாள் உழைப்பைக் கொட்டி, வாகனத் தரிப்பிடத்தையும் உறுதியில் எழுதிப் பெற்றிருக்கிறார். அங்கே அவர் பெற்றோல் வண்டியை நிறுத்தலாம்; பழுதடைந்த வண்டியைப் பத்தாண்டு துருப்பிடிக்கவும் விடலாம். ஆனால் மின்சார வண்டிக்குத் தம் சொந்தச் செலவில் ஒரு மின்னேற்றியைப் பொருத்த விரும்பினாலோ, முகாமைக் குழுவினர் முன் கைகட்டி நிற்க வேண்டும்! இது எந்த ஊர் நியாயம்?

காரணம் கேட்டால், கம்பி பொதுச் சுவரைக் கடக்கிறதாம். 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி உடைமைச் சட்டப்படி வீடு தனியுடைமை. பொதுப் பகுதிகளோ உடைமையாளர் அனைவரதும் பிரிக்கப்படாத பங்கு. மெத்தச் சரி. பொது என்றால் எல்லோர்க்கும் உரியது என்று பொருளா, எவர்க்கும் உரியதன்று என்று பொருளா?

யாழ்ப்பாணத்துக் கமக்காரனுக்கு இது புதிய வழக்கன்று. பங்குக் கிணற்றில் முறை வைத்து இறைத்தவன் அவன். துலா போய் இயந்திரம் வந்தபோது, தன் முறையில், தன் எண்ணெயில், தன் இயந்திரத்தால் இறைத்தான். பங்கும் மாறவில்லை, முறையும் மாறவில்லை. 'பங்காளர் யாவரும் ஒப்பமிடும்வரை துலாவையே மிதி' என்றிருந்தால் வெங்காயமும் புகையிலையும் என்ன கதியாகியிருக்கும்?

மின்மாற்றி தாங்காது என்கின்றனர். இவ்வாதத்தை நாம் தள்ளிவிடவில்லை. 7 கிலோவாட் மின்னேற்றிகள் இருபது ஒரே வேளையில் இயங்கினால் 140 கிலோவாட் வேண்டும். பழைய கட்டடங்கள் அதற்கென அமைக்கப்பட்டவையல்ல. ஆயினும் பரிகாரம் தடையன்று, முறையே! இருக்கும் மின்சாரத்தை வண்டிகளுக்கிடையே பங்கிட்டுக் கொடுக்கும் கருவிகள் இன்று உண்டு. இரவு முழுவதும் நிற்கும் வண்டிக்கு அவசரமும் இல்லை. தனி மின்மானி வைக்கட்டும். தகுதி பெற்ற மின்வினைஞரே பொருத்தட்டும். கம்பி செல்லும் வழியைக் குழுவே வகுக்கட்டும். இவை நியாயமான நிபந்தனைகள். 'பார்ப்போம்' என்று மாதக்கணக்கில் மனுவை இழுத்தடிப்பது நிபந்தனையன்று, மறுப்பேயாகும்.

பிற நாடுகள் இதனை எப்போதோ தீர்த்துவிட்டன. ஸ்பெயினில் 2009 முதல், தன் தரிப்பிடத்தில் தன் செலவில் பொருத்துவோர் முன்னறிவித்தலே போதும். கலிபோர்னியாவில் 2012இல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, 60 நாட்களுக்குள் எழுத்தில் மறுக்காவிடின், மேலதிக விபரம் கோரியிருந்தாலன்றி, அனுமதி கிடைத்ததாகவே கொள்ளப்படும். ஜேர்மனியில் 2020 டிசெம்பர் முதல், தகுந்த மின்னேற்று வசதியை உடைமையாளர் உரிமையாகவே கோரலாம்; எவ்வாறு அமைப்பது என்பதையே கூட்டம் தீர்மானிக்கும்.

2020இல் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதியை 2025 பெப்ரவரியில் திறந்துவிட்ட அரசாங்கம், வண்டிக்கு வரி வாங்கத் தவறவில்லை. அவ்வண்டிக்கு மின்னேற்றும் உரிமையை 1973ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பிரிவாகச் சேர்க்க என்ன தயக்கம்? பாராளுமன்றம் அசையும்வரை தொடர்மாடிவாசிகளும் வாளாவிருத்தலாகாது. அடுத்த பொதுக் கூட்டத்துக்கே பிரேரணையை எழுத்தில் கொடுங்கள்: 60 நாள் தவணை, மறுத்தால் எழுத்தில் காரணம், செலவு பொருத்துபவருடையது.