கரையைக் காத்த மூட்டை சுவராகவும் நிற்கும்

கொள்ளிடக் கரையில் உடைப்பு எடுத்தால் என்ன செய்ய வேண்டும் என்று டெல்டாக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சவுக்குக் கட்டையை அடித்து இறக்குவார்கள். தென்னங்கீற்றை அணைத்துக் கட்டுவார்கள். சாக்கில் மண்ணை நிரப்பி, வாயைத் தைத்து, வரிசை வரிசையாக இறக்குவார்கள். 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையில் கொள்ளிடம் பக்கத்து மதகுகள் ஒன்பது அடித்துச் செல்லப்பட்டபோதும், தண்ணீரை மறிக்கப் போனவை மணல் மூட்டைகளும் பாறாங்கற்களும்தான். ஆற்றுப் பாசனப் பணிகளில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி மூட்டைகளுக்குப் பக்கத்தில் கழிந்தது. அந்த மூட்டையை வைத்து ஏழைகளுக்கு நல்ல வீடு கட்ட முடியும், அதற்கு அரசு வழிவிட வேண்டும் என்பதை உறுதியாக நம்புகிறேன்.

இது புதுக் கற்பனை அல்ல. ஈரானில் பிறந்த கட்டடக் கலைஞர் நாதர் கலீலி, அடுக்குமாடிகள் வடிவமைத்துக்கொண்டிருந்த தொழிலை 1970களின் நடுவில் விட்டுவிட்டு, மோட்டார் சைக்கிளில் ஈரானின் பாலைவன ஊர்களைச் சுற்றி மண் வீடுகளைப் படித்தவர். 1984இல் நிலவில் குடியிருப்பு அமைப்பது பற்றி அமெரிக்காவில் நடந்த கருத்தரங்கில், அங்கே இருக்கும் மண்ணைக் கொண்டே கட்டலாம் என்று அவர் எடுத்துச் சொன்னார். பிறகு கலிஃபோர்னியாவின் ஹெஸ்பீரியாவில், நீளப் பையில் மண்ணை நிரப்பி, அடுக்குகளுக்கு இடையே முள்கம்பி வைத்துக் குவிமாட வீடுகள் எழுப்பினார். நிலநடுக்கம் அடிக்கடி வரும் பகுதி அது. அந்த நகரத்தின் கட்டட அலுவலர்கள் சுவரை இழுத்தும் தள்ளியும் சோதித்துப் பார்த்த பிறகுதான் அனுமதி கொடுத்தார்கள். 1995இல் ஈரானின் குஸெஸ்தான் மாகாணத்தில் ஈராக்கிய அகதிகள் இதே முறையில் தங்கள் கையாலேயே வீடு கட்டிக்கொண்டார்கள். 2004இல் இந்த மணல்மூட்டை வீடுகளுக்குக் கட்டடக் கலைக்கான ஆகா கான் விருது கிடைத்தது.

நேபாளம் இன்னும் நமக்குப் பக்கம். 2015 ஏப்ரல் 25 அன்று 7.8 அளவில் நிலம் குலுங்கியபோது அங்கே இடிந்த வீடுகளில் பெரும்பாலானவை கல்லை மண்சாந்தில் அடுக்கிய வீடுகள். கல் ஒரு பக்கமும் சாந்து ஒரு பக்கமுமாகப் பிரிந்து விழுந்தன. அதற்கு முன்பே கட்டப்பட்டிருந்த மண்மூட்டைக் கட்டடங்கள் பல பெரிய சேதமில்லாமல் நின்றன. காரணம் முள்கம்பி. கீழ்மூட்டையையும் மேல்மூட்டையையும் அது பல்லால் கவ்விப் பிடிக்கிறது. சுவர் முழுவதும் ஒரே உடம்பாக ஆடுகிறது.

படித்ததோடு நிற்க எனக்கு மனம் வரவில்லை. வேதாரண்யம் பக்கத்தில் என் மைத்துனர் வயலில் மோட்டார் கொட்டகை ஒன்று கஜா புயலில் விழுந்து கிடந்தது. அதை மூட்டையில் எழுப்பிப் பார்த்தோம். பழைய உரச்சாக்கு, சிமெண்ட் சாக்கு எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டோம். வயலுக்குப் பக்கத்திலேயே மணல்மேடு இருந்ததால் அந்த மணலையே நிரப்பலாம் என்று சிலர் சொன்னார்கள். எங்களோடு இருந்த வயதான கொத்தனார் ஒத்துக்கொள்ளவில்லை. "மணலை மட்டும் போட்டா சாக்கு கிழிஞ்ச அன்னைக்கே சுவரு கொட்டிப்போயிரும் சார். உள்ள இருக்கறது கட்டியா இறுகணும். அப்புறம் சாக்கு இருந்தா என்ன, போனா என்ன" என்றார். இந்தத் தொழில்நுட்பத்தின் சூட்சுமம் அவர் சொன்னதில் அடங்கியிருக்கிறது. சாக்கு வெறும் அச்சு. சுவராக நிற்பது, இறுகிய மண்.

ஆகவே மணலோடு களி சேர வேண்டும். மொத்தத்தில் கால் பங்கு களியும் மீதி மணலும் சிறு கல்லும் என்பது நல்ல கலவை. இதைத் தெரிந்துகொள்ள ஆய்வகம் தேவையில்லை. கண்ணாடி பாட்டிலில் மண்ணைப் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி ஓர் இரவு வைத்தால், மணல் அடியிலும் களி மேலேயும் படிந்து அளவைக் காட்டிவிடும். ஈரம் சரிதானா என்று பார்க்க மண்ணை உருண்டை பிடித்துத் தோள் உயரத்திலிருந்து தரையில் போடுவோம். தூளாகச் சிதறினால் ஈரம் போதாது. சப்பையாக ஒட்டிக்கொண்டால் அதிகம். நாலைந்து துண்டாக உடைந்தால் நிரப்பலாம்.

சாக்கை முக்கால் அளவு நிரப்பி, வாயை மடித்துக் கட்டுக்கம்பியால் தைத்து, அந்த வாய் முந்தைய மூட்டையின் அடியை முட்டும்படி வைக்க வேண்டும். செங்கல் வரிசை போலவே மேல்வரிசையின் இணைப்பு கீழ்வரிசையின் இணைப்புக்கு நேராக வரக் கூடாது. பிறகு திமிசுக் கட்டையால் இடிக்க வேண்டும். முதலில் தொப் தொப் என்று கேட்கும். இடிக்க இடிக்கச் சத்தம் மாறி, டக் டக் என்று கல்லைத் தட்டுவது போல வரும். அப்போது நிறுத்தலாம். ஒரு வரிசை நான்கைந்து அங்குல உயரத்துக்கு அமுங்கும். அதன்மேல் இரண்டு வரி முள்கம்பி. அடுத்த மூட்டையைக் கம்பிமேல் நேராக வைத்தால் முள்ளில் சிக்கி அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும். நகர்த்திச் சரிசெய்ய முடியாது. எண்ணெய் டின்னை வெட்டித் தட்டிய தகரத்தைக் கம்பிமேல் போட்டு, மூட்டையை அதன்மேல் வைத்து, இடம் சரியானதும் தகரத்தை உருவினோம். வரப்பு வேலைக்கு வரும் பெண்கள் இரண்டு பேருக்கு அரை நாளில் இது கைவந்துவிட்டது. "அண்ணே, நீங்க தள்ளி நில்லுங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று என்னை ஓரங்கட்டினார்கள். மேற்பார்வை வேலையில் அதைவிட நிறைவான சொல்லை நான் கேட்டதில்லை.

இப்படி எழும்பும் சுவர் ஒன்றேகால் அடி கனம் இருக்கும். ஆறடி நீளம், எட்டடி உயரத்துக்கு ஏறக்குறைய மூன்று டன் எடை வரும். கஜா 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கரையேறியபோது கீற்றுக் கொட்டகைகளும் தகரக் கூரைகளும் என்ன ஆயின என்று நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் கேட்டுப் பாருங்கள். புயலுக்கு முன்னால் எடை ஒரு பலம். ஆனால் சுவர் நின்றால் மட்டும் போதாது, கூரை பறக்கக் கூடாது. சுவரின் தலையில் சுற்றிலும் ஒரு கான்கிரீட் பெல்ட் போட்டு, அதிலிருந்து கம்பியை மேலே விட்டு, கூரைச் சட்டத்தை அதோடு பிணைக்க வேண்டும். இந்த ஓர் இடத்தில் சிமெண்டையும் கம்பியையும் மிச்சம் பிடிக்கவே கூடாது.

கலீலியின் குவிமாடத்தை அப்படியே கொண்டுவந்து இங்கே வைக்கச் சொல்லவில்லை. அது மழை காணாத ஊருக்கு ஏற்றது. ஐப்பசி அடைமழை குவிமாடத்தின் முதுகில் நாள்கணக்கில் இறங்கினால், சிறு வெடிப்பு வழியாகவும் நீர் உள்ளே போகும். நமக்கு நேர்ச்சுவரும், அகலமாக வெளியே நீண்ட தாழ்வாரமும், ஓட்டுக் கூரையும்தான் பொருந்தும். கனமான மண்சுவர் பகல் வெயிலைத் தாங்கும். கடலோரப் புழுக்கத்துக்கு அது மட்டும் போதாது, காற்று நுழைந்து வெளியேற எதிரெதிர் ஜன்னல்கள் வேண்டும். வெள்ளம் தேங்கும் ஊரில் அடித்தளத்துக்குக் கருங்கல் ஜல்லியும், அதன்மேல் ஜல்லி நிரப்பிய மூட்டைகளும் போட வேண்டும். தண்ணீர் எட்டக்கூடிய உயரம் வரை மண்ணில் பத்துக்கு ஒரு பங்கு சிமெண்ட் கலக்க வேண்டும். சாக்கு வெயிலில் கிடந்தால் சில மாதங்களில் நைந்து உதிரும். ஆகவே சுவர் எழுந்ததும் வைக்கோல் கலந்த மண்பூச்சும் சுண்ணாம்புப் பூச்சும் தாமதமில்லாமல் ஏற வேண்டும். மாசியில் தொடங்கி ஆடிக்குள் பூச்சை முடிப்பது நல்லது. கடலோரத்தில் துத்தநாகம் பூசிய முள்கம்பிதான் வாங்க வேண்டும். உப்புக்காற்று சாதாரணக் கம்பியை விட்டுவைக்காது. வேலை கடினமானது என்பதையும் மறைக்கக் கூடாது. ஒவ்வொரு மூட்டையும் ஒரு ஆள் சுமை.

இப்போது பணத்துக்கு வருவோம். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் தரப்படுகிறது. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை வேண்டும். நல்ல திட்டம், குடிசையில் இருந்தவர்களுக்குத் தளம் போட்ட வீடு என்பது சாதாரண விஷயம் அல்ல. ஆனால் எங்கள் பக்கத்தில் அந்தத் தொகைக்குள் வீட்டை முடித்தவரை நான் பார்க்கவில்லை. நகையை அடகு வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். லிண்டல் மட்டத்தில் நின்றுபோன சுவர்களையும் பார்த்திருக்கிறேன். செங்கல் சூளையிலிருந்து வருகிறது, சிமெண்ட் ஆலையிலிருந்து வருகிறது, எம்-சாண்ட் கிரஷரிலிருந்து வருகிறது, ஒவ்வொன்றுக்கும் லாரி வாடகை. கிராமத்துக்கு என்று வந்த பணத்தில் பெரும்பங்கு கிராமத்துக்குள் நிற்காமலே போய்விடுகிறது.

மூட்டைச் சுவரால் வீட்டுச் செலவு பாதியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கதவு, ஜன்னல், கூரை, அடித்தளம் எல்லாவற்றுக்கும் அதே செலவு இருக்கிறது. மலிவது சுவர் மட்டும்தான். ஆனால் அந்தச் சுவருக்கான செலவில் மிகப் பெரும்பகுதி கூலி. மண்வெட்டி பிடித்துப் பழகிய பெண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்கள் கைக்கு அந்தப் பணம் போய்ச் சேரும். என்னைப் பொறுத்தவரை, சிமெண்ட் குறைவதால் கரியமில வாயு குறையும் என்பதைவிட இதுதான் முதல் காரணம்.

இதையெல்லாம் ஒரு கூட்டத்தில் சொன்னபோது, புயலுக்குப் பிறகு மாதக்கணக்கில் தார்ப்பாய்க்குக் கீழே இருந்த ஓர் அம்மா எழுந்து, "காலம் பூரா மண்ணு சுவத்துல கெடந்தோம். காங்கிரீட்டு கேட்டா மறுபடி மண்ணையே அள்ளிக் குடுக்குறீங்களா?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம். இந்த நாட்டில் மண் வீடு என்றால் இல்லாதவர் வீடு. காரை வீட்டுத் தெரு எது, மண் வீட்டுத் தெரு எது என்பதை வைத்தே சாதியைச் சொல்லிவிடக்கூடிய ஊர்கள் இன்னும் இருக்கின்றன. அந்த அவமானத்தைச் சுமந்தவர்களிடம் போய் வெப்பம் குறையும், சுற்றுச்சூழல் காக்கப்படும் என்று நான் வகுப்பு எடுக்க முடியாது. வசதியானவருக்குக் கான்கிரீட், ஏழைக்கு மட்டும் மண் என்று ஒரு திட்டம் வந்தால் நானே அதை எதிர்ப்பேன்.

அதனால்தான் முதல் மூட்டைச் சுவர் அரசுக் கட்டடத்தில் எழ வேண்டும் என்கிறேன். கிராம நிர்வாக அலுவலகம், அங்கன்வாடி, ரேஷன் கடை. அதிகாரி நாள் முழுக்க உட்காரும் அறையில், ஊர்ப் பிள்ளைகள் தூங்கும் அறையில் அந்தச் சுவர் இருக்கட்டும். இரண்டு மழைக்காலம் அதைப் பார்த்துவிட்டு, தன் வீட்டுக்கு வேண்டுமா வேண்டாமா என்று அந்த அம்மாவே முடிவு செய்யட்டும். வேண்டும் என்பவருக்கு மட்டும், கனவு இல்லத் தொகையில் குறைவில்லாமல் கொடுக்க வேண்டும்; மிச்சமாகும் பணம் அவருடைய கழிப்பறைக்கும் சமையலறைக்கும் போக வேண்டும்.

அதற்கு முன்னால் தீர வேண்டியது அனுமதிச் சிக்கல். அழுத்திச் செய்த மண் கற்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 1725 இருக்கிறது, ஆரோவில் புவி நிறுவனம் 1989 முதல் அந்தக் கற்களில் கட்டிக் காட்டியிருக்கிறது. மூட்டைச் சுவருக்கு அப்படி ஒரு விதி நம்மிடம் இல்லை. விதி இல்லாததில் எந்தப் பொறியாளரும் கையெழுத்துப் போட மாட்டார்; நான் பணியில் இருந்திருந்தாலும் போட்டிருக்க மாட்டேன். சென்னை தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. நிலநடுக்க மேடையும் காற்றுச் சுரங்கமும் அங்கே உள்ளன. நம் கடலோரத்து மண்ணைக் கொண்டுபோய், நம் கொத்தனாரும் சித்தாள்களும் கட்டிய சுவரை அங்கே ஆட்டிப் பார்க்கட்டும். அடியை மூன்று நாள் தண்ணீரில் ஊறவைத்து எடை ஏற்றட்டும். பூச்சு இல்லாத சாக்கு எத்தனை மாத வெயில் தாங்குகிறது என்று எழுதட்டும். எந்த மண் தேறாது, அதை எங்கெங்கே பயன்படுத்தக் கூடாது என்பதும் அந்த அறிக்கையில் வரட்டும்.

சோதனை முடிந்ததும் வேதாரண்யம் ஒன்றியத்தில் ஓர் அங்கன்வாடியைக் கட்ட உத்தரவிட வேண்டும். கட்டுகிறவர்கள் உள்ளூர் ஆட்களாக இருக்க வேண்டும். பயிற்சி நாட்களுக்கும் கூலி தர வேண்டும். எத்தனை மூட்டை, எத்தனை மீட்டர் முள்கம்பி, எத்தனை ஆள் கூலி, எந்தக் குளத்து மண் என்ற கணக்கை வரைபடத்தோடு தமிழில் அச்சிட்டு ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும். மாசிக்கு இன்னும் நேரம் இருக்கிறது.