மண்மேட்டுக்கு மேலே ஒரு கேமரா

புதுக்கோட்டைக்குப் பக்கத்தில் உள்ள பொற்பனைக்கோட்டைக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது, ‘கோட்டை எங்கே?’ என்றுதான். கண்ணில் படுவது புதர் மண்டிய மண்மேடு. 2021-ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2023-லிருந்து மாநிலத் தொல்லியல் துறையும் அகழாய்வு செய்த சங்ககாலக் கோட்டை இது. மேடு வட்டமாகச் சுற்றி வருவது மேலிருந்து பார்த்தால்தான் புரியும்.

சின்னக் கேமராவோடு தாழப் பறந்து படமெடுப்பது தனிப் படிப்பு. பிரான்ஸில் ஆர்தர் பட்டூ 1888-லேயே பட்டத்தில் கேமராவைக் கட்டிப் படமெடுத்தார். இன்றைக்கு டிரோன். கல்யாண வீட்டில் பறப்பதுபோலத்தான் இருக்கும், வேலைதான் வேறு.

உச்சி வெயிலில் எடுத்தால் மேடும் பள்ளமும் ஒன்றுபோலத் தட்டையாக இருக்கும். காலைச் சாய்வெயிலில் நிழல் நீள்வதால் சிறு மேடுகூடக் கோடாகத் தெரியும். ஒரு படத்தில் உள்ளதில் முக்கால் பங்கு அடுத்த படத்திலும் வர வேண்டும். அப்போதுதான் கம்ப்யூட்டர் படங்களை இணைத்து உயரத்தைக் கணக்கிடும். அதற்கு முன்பே தரையில் வெள்ளைக் குறிகள் வைத்து, அவற்றின் இடத்தை அளந்திருக்க வேண்டும். இந்த வேலையைச் சோம்பலில் விட்டுவிட்டால் லேபில் அழகான படம் கிடைக்கும், அதில் அளவை நம்ப முடியாது.

அடுத்த வருஷம் அதே மாதிரி எடுத்த படத்தை இதோடு ஒப்பிட்டால், மழை எங்கே கரையை அரித்தது, எங்கே மண் குறைந்தது என்று தெரிந்துவிடும். புதருக்கு அடியில் இருப்பது மட்டும் டிரோன் கேமராவுக்குத் தெரியாது; நடந்துதான் போக வேண்டும்.