வாசிப்புத் திறனா, வாக்கியப் பொறியா?

ஆங்கிலப் பரீட்சை வினாத்தாளிலே கிரகித்தல் என்னும் தலைப்பின்கீழ் ஓர் உரைப்பகுதியும் அதன் அடியிற் சில வினாக்களும் இடம்பெறுதல் நெடுங்கால வழக்காகும். பகுதியை விளங்கிக்கொண்டவர் விடையளிப்பர், விளங்காதவர் தவறுவர் என்பதே இவ்வழக்கின் அடிப்படை நம்பிக்கை. இந்நம்பிக்கை ஆட்டங்காணத்தக்கது. ஒன்றும் விளங்காதவருக்குப் புள்ளி வழங்கவும், சொல்லறிவும் பொருளறிவும் உடையவரை வீழ்த்தவும் வல்ல ஒன்று அவ்வினாத்தாளினுள் மறைந்து கிடக்கின்றது. அதுவே வாக்கிய அமைப்பு.

முதலில் விளங்காதவர் வெற்றிபெறும் விதத்தை நோக்கலாம். "நெட்டம்பிகள் மூன்று குவடியிலே தெம்பின" என்று ஒரு வாக்கியம் உளதெனக் கொள்க. நெட்டம்பி என்பதும், குவடி என்பதும், தெம்புதல் என்பதும் இங்கு பொருள் ஏதும் சுட்டாத வெற்றொலிகள். ஆயினும் "நெட்டம்பிகள் எங்கே தெம்பின?" என்று வினவினால் "குவடியிலே" என்றும், "எத்தனை நெட்டம்பிகள் தெம்பின?" என்று வினவினால் "மூன்று" என்றும் எவரும் விடை கூறிவிடுவர். இங்கு விடையைத் தந்தது பொருளன்று, வேற்றுமையுருபும் சொற்கிடக்கையுமே. கிரகித்தல் வினாக்கள் பல இத்தன்மையனவாகவே அமைகின்றன. உரைப்பகுதியின் வாக்கியத்தை எடுத்து, அதில் ஒரு சொல்லை நீக்கி, அவ்விடத்தில் வினாச்சொல்லை இட்டு வினா ஆக்கப்படுகின்றது. மாணவரோ வினாவின் சொற்களைப் பகுதியிலே தேடி, அவை காணப்படும் வரியைப் பெயர்த்தெழுதுகின்றனர். தனிப்போதனை வகுப்புகளிலே இது ஒரு வித்தையாகவே பயிற்றப்படுகின்றது. இதற்கு வாசிப்பு என்று பெயரிடுதல் மொழிக்கே இழைக்கும் அநீதியாகும்.

இனி, அறிந்தவர் வீழும் விதம். "த ரீச்சர் த பிறின்சிப்பல் பிறெய்ஸ்ட் வோஸ் அப்சென்ற்" என்பது ஏழே சொற்கள் கொண்ட ஆங்கில வாக்கியம். அதிபர் பாராட்டிய ஆசிரியர் வரவில்லை என்பது இதன் பொருள். ஏழு சொற்களுள் ஒன்றேனும் மாணவர் அறியாததன்று. எனினும், வராதவர் யார் என்று கேட்டால் "அதிபர்" என விடையளிக்கும் மாணவர் இருப்பர். அவர்கள் பயனிலைக்கு அண்மையில் நின்ற பெயரை எழுவாயாகக் கொண்டுவிடுகின்றனர். இதனை அறியாமை எனத் தள்ளிவிடலாகாது. தமிழிலே பெயரெச்சம் தான் தழுவும் பெயருக்கு முன்னே நிற்கும். ஆங்கிலத்திலே அடைவாக்கியம் பெயருக்குப் பின்னே வந்து, எழுவாயையும் பயனிலையையும் இருகூறாகப் பிளந்து நிற்கும். தமிழிலே "பாராட்டிய" என்னும் எச்சமும் "பாராட்டினார்" என்னும் முற்றும் வடிவாலேயே வேறுபடுகின்றன. ஆங்கிலத்திலே இவ்விரண்டையும் வடிவு கொண்டு பிரித்தறிதற்கில்லை. போதாக்குறைக்கு, இரண்டையும் இணைக்கும் "ஹூம்" என்னும் சொல்லும் மேற்கண்ட வாக்கியத்திலே தொக்கு நிற்கின்றது. தமிழ் மாணவர் எந்த அடையாளத்தை நம்பி வாசிக்கப் பழகினரோ அந்த அடையாளமே அங்கு இல்லை.

"நொட் அன்ரில்" என்று தொடங்கும் வாக்கியமும் இத்தகையதே. மழை ஓய்ந்த பின்னரே பஸ் புறப்பட்டது என்னும் பொருளைத் தரும் வாக்கியம் எதிர்மறைச் சொல்லோடு தொடங்குவதால், பஸ் புறப்படவேயில்லை என மாணவர் கொள்ள இடமுண்டு. இவ்வாறான ஒரு வாக்கியத்தின்மீது இரண்டு மூன்று வினாக்கள் தங்கியிருப்பின், ஓர் அமைப்பை அறியாத குறை பகுதி முழுவதையும் அறியாத குறையாகப் புள்ளித்தாளிலே பதிவாகின்றது. அப்புள்ளியைக் கண்ட ஆசிரியர் "சொல்வளம் போதாது" எனத் தீர்ப்புக் கூறிச் சொற்பட்டியலை மனனஞ் செய்யுமாறு பணிக்கின்றார். நோய் ஓரிடம், மருந்து வேறிடம்!

வாக்கியங்களைக் குறுக்கிவிட்டாற் போதுமே என்பார் உளர். உரையின் எளிமையை அளக்க 1948இல் றுடோல்ஃப் ஃபிளெஷ் வகுத்த புகழ்பெற்ற சூத்திரம் வாக்கியத்தின் சராசரி நீளத்தையும் சொல்லின் அசைத்தொகையையுமே கணக்கிலெடுக்கின்றது. மேற்காட்டிய ஏழு சொல் வாக்கியம் அச்சூத்திரத்தின் கண்ணுக்கு இலகுவானதாகவே தோன்றும். மறுபுறம், "மழை பெய்தமையால் பாதை மூடப்பட்டது" என்பதை "மழை பெய்தது. பாதை மூடப்பட்டது." எனத் துண்டித்தால் நீளம் குறையும்; ஆயின் காரணகாரியத் தொடர்பை ஊகிக்கும் சுமை வாசகரின் தலைமேல் ஏறும். ஆகவே இடர் நீளத்தில் இல்லை, அமைப்பிலேயே உள்ளது.

"பல்கலைக்கழக நூல்களிலே சிக்கலான வாக்கியங்களே நிறைந்துள்ளன, அவற்றைப் பரீட்சையிலிருந்து நீக்குவது தராதரத்தைத் தாழ்த்துவதாகும்" என்பது மற்றொரு தடை. நூல்கள் அத்தகையன என்பது உண்மையே. அவ்வாறாயின் அவ்வமைப்புகளை வகுப்பறையிலே முறையாகக் கற்பித்து, வாக்கிய அமைப்பு என்னும் பெயராலேயே தனியாகச் சோதித்தலன்றோ நேர்மை? கற்பிக்காத ஒன்றைக் கிரகித்தல் என்னும் போர்வையுள் ஒளித்துச் சோதிப்பது தராதரத்தைக் காப்பதன்று. தற்செயலுக்குத் தராதரம் எனப் பெயர் சூட்டுவதாகும்.

இத்தற்செயலும் எல்லார்க்கும் பொதுவானதன்று. வீட்டிலே ஆங்கிலம் கேட்டு வளர்ந்தோர்க்கு இவ்வமைப்புகள் கற்பிக்கப்படாமலே வாய்த்துவிடுகின்றன. ஆங்கிலத்தைப் பாடநூலிலே மாத்திரம் கண்ட கிராமத்து மாணவர்க்கு அவற்றைக் கற்பிப்பார் வேறெவருமிலர். பொது ஆங்கிலப் புள்ளி பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளியிற் சேர்க்கப்படாமையால், கலைப்பீடம் புகும்வரை இக்குறை மறைந்திருக்கின்றது. புகுந்தபின் நூலகத்து நூல்களின்முன் வெளிப்படுகின்றது. பல்கலைக்கழகச் சிங்கள மாணவர் ஆங்கிலத்துக்கு இட்ட பெயர் "கடுவ", அதாவது வாள். மொழியியலாளர் திரு கந்தையா 1984இல் எழுதிய கட்டுரையொன்று அச்சொல்லையே தலைப்பிற் கொண்டிருந்தது. தமிழ் மாணவரையும் வெட்டும் அவ்வாளின் கூரிய முனைகளுள் ஒன்று இக்கிரகித்தல் வினாத்தாள்.

ஆகவே செய்யவேண்டுவன மூன்று. முதலாவது, வினாத்தாள் ஆக்குவோர் ஒவ்வொரு வினாவையும் தாமே சோதித்தல் வேண்டும்: பகுதியின் பெயர்ச்சொற்களை வெற்றொலிகளாக மாற்றிய பின்னரும் விடை கிடைக்குமாயின் அவ்வினாவை நீக்குக. இரண்டாவது, வாசிப்பை அளக்கும் வினாக்களுக்குத் தாய்மொழியில் விடையெழுத இடமளித்தல் வேண்டும். அவ்வாறு செய்யின் வரியைப் பெயர்த்தெழுதும் வித்தை அன்றே மடியும். விளங்கியும் ஆங்கிலத்தில் எழுதமாட்டாதார்க்கு நீதி கிடைக்கும். மூன்றாவது, பல்கலைக்கழக ஆங்கிலப் போதனை தமிழ், சிங்கள வாக்கிய அமைப்புகளை ஆங்கில அமைப்போடு ஒப்பிட்டுக் காட்டுவதிலிருந்து தொடங்குதல் வேண்டும். பெயரெச்சம் இன்னதென அறிந்த மாணவர்க்கு ஆங்கில அடைவாக்கியத்தை விளக்குதல் அரும்பணியன்று.

இவற்றுக்குப் பெருநிதியோ புதிய நிறுவனமோ வேண்டியதில்லை. வினாத்தாளை ஆக்கும் கை சற்றே நிதானித்தல் போதும். நிதானியாதவரை, சித்தியடைந்தோர் வாசிக்கக் கற்றோர் என்றோ, தவறியோர் வாசிக்க அறியாதார் என்றோ கூற எந்தப் பரீட்சகருக்கும் உரிமையில்லை.