மரநிழலுக்கும் பேருந்துக் கட்டணமா?

புதுக்கோட்டை நகரிலிருந்து ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில், அன்னவாசல் செல்லும் வழியில் இருக்கிறது சித்தன்னவாசல் குன்று. விடுமுறை நாள்களில் குடும்பங்கள் கட்டுச்சோற்றோடு அங்கே செல்கின்றன. குன்றின் மேல் ஏழடிப்பட்டத்தில் சமண முனிவர் நோன்பிருந்த கற்படுக்கைகள்; மேற்குச் சரிவில் அறிவர் கோவில். அதன் விதானத்தில் ஒரு தாமரைக் குளம் ஓவியமாக விரிந்திருக்கிறது. மீனும் அன்னமும் யானையும் எருமையும் அதில் திளைக்க, மனிதர் இறங்கி மலர் பறிக்கின்றனர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட அக்குளத்தைக் கண்டு வியக்கிறோம்; காற்று வாங்குகிறோம்; மாலையில் நகரத்து வெக்கைக்குத் திரும்புகிறோம்.

போவது தவறன்று. ஆனால் நல்ல காற்றுக்காகவும் நிழலுக்காகவும் பேருந்தேறித்தான் போக வேண்டும் என்னும் நிலையை இயல்பென்று ஏற்றுக்கொண்டோமே, அதுதான் தவறு. ஓவியத்துக் குளத்தைக் காண நுழைவுச்சீட்டு வாங்குகிற நாம், தெருக்கோடியில் இருக்கும் குளத்தில் குப்பை கொட்டப்படுவதைக் கண்டும் வாய் திறப்பதில்லை. நகரத்துப் பசுமை சுற்றுலாப் பொருளன்று. குடிநீரையும் வடிகாலையும் போல அது உடல்நலத்தின் அடிப்படைத் தேவை. அது வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில் இருக்க வேண்டும். ஏழைக்கும் எட்ட வேண்டும். இதுவே நம் வழக்கு.

இது வெறும் அழகுணர்ச்சியா? இல்லை. 2023-இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் பத்துக் கோடிக்கும் மேற்பட்டோர் நீரிழிவு நோயுற்றிருப்பதாக மதிப்பிட்டது. சிற்றூர்களில் நூற்றுக்கு 8.9 பேர், நகரங்களிலோ 16.4 பேர். உணவும் உழைப்பின்மையும் இதற்குப் பெருங்காரணங்கள் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், "நாள்தோறும் நடையுங்கள்" என்று மருத்துவர் எழுதித் தரும்போது, எங்கே நடப்பது என்பதை யார் எழுதித் தருவார்? நடைபாதையில் கடை, சாலையோரத்தில் வண்டி, நடுவில் விரைந்து வரும் பேருந்து. மருந்துக்கடை இல்லாத தெரு நகரத்தில் அரிது. மரமுள்ள தெருவோ அதனினும் அரிது.

மரம் செய்யும் பணி நிழல் தருவதோடு முடிவதில்லை. வேர் உறிஞ்சிய நீரை இலைகள் ஆவியாக்கும்போது சுற்றிலும் உள்ள வெப்பம் தணிகிறது. காரையும் தாரும் பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவில் அதை உமிழ்கின்றன. தகரக் கூரையின் கீழ் உறங்க முயலும் முதியவரையும் கைக்குழந்தையையும் அது முதலில் தாக்குகிறது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்து மரங்களை வேரோடு சாய்த்தது. ஒரே இரவில் விழுந்தவற்றை ஈடுசெய்ய ஒரு தலைமுறை வேண்டும். புயலின்மேல் பழிசொல்லும் நாம், சாலை அகலப்படுத்தும்போது விழும் மரங்களுக்கு யாரிடம் கணக்குக் கேட்கிறோம்?

மனத்துக்கும் பசுமை மருந்தாகிறது. அமெரிக்க அறிஞர் ரோஜர் உல்ரிச் 1984-இல் வெளியிட்ட ஆய்வு சிறியதே எனினும் எண்ணத்தக்கது. பென்சில்வேனிய மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களுள், சன்னல் வழியே மரங்களைக் கண்ட 23 பேர், செங்கற்சுவரையே கண்ட 23 பேரைவிட விரைவில் வீடு திரும்பினர். கடுமையான வலிநீக்கி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன.

"பூங்காவா முக்கியம்? மருத்துவமனை கட்டலாமே!" என்பார் உண்டு. இவ்வினாவுக்கு 1991-இல் உச்ச நீதிமன்றமே விடையளித்தது. பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடம் தனியார் மருத்துவமனை ஒன்றுக்கு வழங்கப்பட்டது. அப்பகுதி மக்கள் வழக்காடினர். பொதுப் பூங்காவைத் தனியார் மருத்துவமனையாக்குதல் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. நோயைத் தீர்க்கும் இடத்துக்காக நோயைத் தடுக்கும் இடத்தை அழிப்பது அறிவுடைமை ஆகாது.

"இடமில்லை" என்பது அடுத்த சாக்கு. சென்னையைப் பாருங்கள். ஆளுநர் டிரெவெல்யன் காலத்தில், 1859-ஐ ஒட்டி, நூறு ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் மக்கள் பூங்கா அமைந்தது. பின்னர் விக்டோரியா மண்டபம், மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை, விளையாட்டரங்கம் என்று ஒவ்வொன்றாக அதனை அரித்தன. பூங்கா போயிற்று, "பூங்கா நகர்" என்னும் பெயர் மட்டும் நிற்கிறது. இடமில்லாமற் போகவில்லை, இருந்த இடத்தைக் காக்க மனமில்லாமற் போயிற்று. பூங்காக்களையும் திறந்தவெளிகளையும் காக்கத் தமிழ்நாட்டில் 1959 முதலே தனிச் சட்டம் உண்டு. பெரிய மனைப்பிரிவுகளில் பத்து விழுக்காடு நிலத்தைப் பொதுப் பயனுக்கு ஒதுக்க வேண்டும் என விதியும் உண்டு. ஓரளவுக்கு உட்பட்ட மனைப்பிரிவுகளில் நிலத்துக்குப் பதிலாகப் பணம் கட்டலாம் என்று அவ்விதியே வழியும் விட்டுவைத்திருக்கிறது. பணத்தின் நிழலில் எந்தக் குழந்தை விளையாடும்?

நம் முன்னோரின் ஊர்களில் பசுமை என்றால் வேலியிட்ட புல்தரையன்று. குளக்கரை, அரசமரத்து மேடை, நந்தவனம், தோப்பு ஆகியனவே ஊருக்கு மூச்சு. புதுக்கோட்டையிலும் புதுக்குளம், பல்லவன்குளம் எனக் குளங்கள் உண்டு. புதிதாக நீரூற்றும் சிலையும் வைக்குமுன், இருக்கும் குளங்களைத் தூர்வாரி, கரையில் புங்கும் வேம்பும் நட்டு, கட்டணமின்றித் திறந்து வைத்தாலே போதும்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடல், வசதி படைத்தோர் வாழும் பகுதிகளில் அழகிய பசுமை வெளிகள் இருப்பதையும், ஒதுக்கப்பட்டோர் வாழும் பகுதிகளில் அவை இல்லாதிருப்பதையும் சுட்டிக்காட்டியது. அரசை மட்டும் நோக்கி விரல் நீட்டுதல் எளிது. நகர நடுவே ஆலய வளாகங்களும் பள்ளித் திடல்களும் கல்லறைத் தோட்டங்களும் நம்மிடம் உள்ளன. திருவிழாக் கூட்டத்துக்கும் வண்டி நிறுத்தவும் வசதி என்று அவற்றுள் எத்தனையில் மண் தெரியாமல் சிமெண்டுக் கல் பாவினோம்! 'தோட்டம்' என்று பெயரளவில் நிற்கும் கல்லறைகளில் மரமுண்டா?

ஆகவே, பங்குப் பேரவைகள் முதலில் தம் வளாகத்துக் கல்லைப் பெயர்த்து மரம் வைக்கட்டும். காலையும் மாலையும் சாதி சமயம் பாராமல் அக்கம்பக்கத்தார்க்கு வாயிலைத் திறந்துவிடட்டும். பின்னர், நகரங்களில் 2022-இல் தொடங்கப்பெற்ற பகுதி சபைக் கூட்டங்களுக்குச் சென்று, "எங்கள் வட்டத்துக்கு ஒதுக்கிய திறந்தவெளி எங்கே?" என்று கேட்போம். நம் வாயிலைப் பூட்டி வைத்துக்கொண்டு அவ்வினாவைக் கேட்க நமக்கு வாயில்லை.