சுமக்கிற தண்ணீர், தாங்குகிற தண்ணீர்

போன மே மாதம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஒன்பது நாள் ஒரு பலகை கிடந்தது. ஐந்தடி நீளம், கட்டிலில் பாதி அகலம். நுனியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு வெடிப்பு. என் மகள் இரண்டு நாற்காலிகளின் மேல் அதைக் கவிழ்த்து வைத்து, நிழலுக்குப் பழைய போர்வை ஒன்றைக் கட்டி, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அடுத்த வீட்டு மாடியில் வடகம் காயவைக்க வந்த பெரியவர் எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா அது, டேபிளா?"

"கடல்ல ஓட்டறது தாத்தா."

"யாரு ஓட்டறது?"

"நாந்தான்."

அடுத்த கேள்வியை அவர் என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "பாப்பாவுக்கு எப்ப கல்யாணம் வெச்சிருக்கீங்க?"

அன்றைக்குச் சிரித்து மழுப்பிவிட்டேன். மழுப்பியதற்கு வெட்கப்பட்டு இதை எழுதுகிறேன்.

அந்தப் பலகையின் விளையாட்டுக்கு விங் ஃபாயில் என்று பெயர். பலகைக்கு அடியில் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான தண்டு ஒன்றை மாட்டுவார்கள். தண்டின் அடிமுனையில் விமானத்துக்கு இருப்பதுபோல முன்னொன்றும் பின்னொன்றுமாக இரண்டு இறக்கைகள். அவை தண்ணீருக்குள் இருக்கும். பலகைமேல் நிற்பவளின் கையில் காற்றடைத்த துணிச் சிறகு ஒன்று. அதைப் பலகையில் நட்டுவைக்க முடியாது, கையால்தான் பிடித்தாக வேண்டும். காற்று சிறகைத் தள்ளும்; வேகம் கூடக் கூட, உள்ளே இருக்கும் இறக்கைகளை நீர் மேலே தூக்கும்; பலகை தண்ணீரை விட்டு எழும்பிவிடும். அப்புறம் சத்தமே இருக்காது என்கிறாள் மகள். துணிச் சிறகுகள் 2018, 2019 வாக்கில் சந்தைக்கு வந்த பிறகுதான் இது உலகம் முழுக்கப் பரவியது. இவள் கற்றுக்கொண்டது ராமநாதபுரம் கடற்கரையில். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களிலும், டிசம்பர் தாண்டி வாடைக்காற்று அடிக்கும்போதும் அங்கே நாள் முழுக்கக் காற்று இருக்கும்.

தர்மபுரியில் கடல் கிடையாது. ஆனால் தண்ணீரைப் பற்றி எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஃப்ளோரைடு கலந்த நிலத்தடி நீரைக் குடித்துப் பல் கறுத்து, எலும்பு வளைந்த மாவட்டம் இது. 2008இல் அடிக்கல் நாட்டி, ஜப்பானியக் கடனுதவியில் கட்டி, 2013இல் திறந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்காக வந்ததுதான். அதற்கு முன்னாலும் சரி, இன்றைக்குக் குழாயில் தண்ணீர் வராத நாளிலும் சரி, குடத்தோடு நிற்பது யார் என்பதற்குப் புள்ளிவிவரம் வேண்டாம், தெருவில் இறங்கிப் பார்த்தால் போதும். குடத்தின் கழுத்தளவுக்கு எங்களுக்குத் தண்ணீரைத் தெரியும். இடுப்புக்கும் தலைக்கும் அதன் எடை தெரியும். எங்களைத் தண்ணீர் தூக்கிப் பிடித்த அனுபவம் மட்டும் எங்களுக்குக் கிடையாது.

நான் வளர்ந்தது பென்னாகரம் பக்கம். ஊரில் ஏழெட்டுக் கிணறுகள் இருந்தன. ஏழு வயதில் என் அண்ணன் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்றில் தள்ளினார் அப்பா. மூன்றாம் நாள் குடுக்கை இல்லாமல் நீந்தினான். பத்தாம் நாள் மோட்டார் கொட்டகை மேலிருந்து குதித்தான். எனக்கும் கட்டிவிடச் சொல்லி அழுதேன். "நீ எதுக்கு? துணிய அலசிட்டு வா" என்றார்கள். அலசிவிட்டு வந்தேன். அந்தக் கிணறுகள் எல்லா ஆண்களுக்கும் திறந்திருந்தன என்றும் சொல்ல முடியாது. காலனிப் பையன்கள் குதித்தால் அடி விழும். ஆண்களில் யாருக்கு நீச்சல் என்பதைச் சாதி முடிவு செய்தது. பெண்களில் யாருக்கும் இல்லை என்பதில் மட்டும் எல்லாச் சாதிக்கும் ஒரே கருத்து.

ஒன்பதாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் ஒரு சனிக்கிழமை துணி துவைக்கப் போய்க் கிணற்றில் விழுந்தாள். படியில் பாசி. பாவாடையும் தாவணியும் நனைந்து காலைச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். அவளுடைய இரண்டு தம்பிகளுக்கும் நீச்சல் தெரியும், அவர்கள் அப்போது வேறு கிணற்றில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். உடலை எடுத்துப் போட்ட ஒரு மணி நேரத்துக்குள் ஊர் பேசத் தொடங்கிவிட்டது: "வழுக்கி விழுந்தாளா, குதிச்சாளா? என்ன விஷயமோ." ஒரு பையன் கிணற்றில் செத்தால் அது விபத்து. பெண் செத்தால் அவள் நடத்தையின்மேல் விசாரணை. அவளுடைய அம்மா சாகும்வரை எல்லாரிடமும் "வழுக்கித்தான் விழுந்தா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தப் பெண்ணைக் கொன்றது பாசி என்று நான் நினைக்கவில்லை. மூன்று நாளில் சொல்லிக்கொடுத்திருக்கக்கூடிய ஒரு வித்தையை அவளுக்கு மறுத்த ஊர்தான் கொன்றது.

தமிழ் படித்தவள் என்பதால் இந்த இடத்தில் ஒரு முதியவர் என் நினைவுக்கு வருகிறார். புறநானூற்றில் 243ஆம் பாட்டைப் பாடிய தொடித்தலை விழுத்தண்டினார். கோலூன்றி, இருமலுக்கு நடுவே பேசும் கிழவர். இளமையில் நீர்மேல் தாழ்ந்த மருத மரக் கிளையில் ஏறி, கரையில் நின்றவர்கள் வியக்க மடுவில் குதித்து, அடிமணலை அள்ளிக்கொண்டு வந்ததை நினைத்து ஏங்குவார். வகுப்பில் ஆண்டுதோறும் நடத்துகிறேன். பையன்கள் முகம் மலரும், அவர்களுக்கு அது சொந்தக் கதை. பெண்கள் பொருளை எழுதிக்கொள்வார்கள். அந்தப் பாட்டிலும் பெண்கள் உண்டு, கைகோத்து நீரில் விளையாடுகிறார்கள். ஆனால் குதித்தவன் அவன். முதுமையில் நினைத்துப் பார்க்க ஒரு குதிப்பு மிஞ்சியிருப்பதும் அவனுக்குத்தான். என் மாணவிகள் கிழவிகளாகும்போது எதை நினைத்து ஏங்குவார்கள்?

அதே நூலின் 66ஆம் பாட்டைப் பாடியவர் ஒரு பெண், வெண்ணிக் குயத்தியார். கரிகாலனைப் பார்த்து, காற்றை வேலை வாங்கிக் கடலில் கலம் ஓட்டியவனின் வழிவந்தவனே என்று விளிக்கிறார். விளித்துவிட்டு, வென்ற உன்னைவிட, புறப்புண்ணுக்கு நாணி உயிர்விடத் துணிந்தவன் நல்லவன் அல்லவா என்று முகத்துக்கு நேரே கேட்கிறார். காற்றை ஆள்வது எத்தனை பெரிய வித்தை என்று அறிந்திருந்தவள், அரசனையே எடைபோட்டவள். அவள் பெயர் சொல்லிப் பெருமைப்படுகிற தமிழ்ச் சமூகம், காற்றைக் கையில் பிடிக்கிற பெண்ணைப் பார்த்துக் கல்யாணத் தேதி கேட்கிறது.

இதற்கு வரும் மறுப்புகளை நான் அறிவேன். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"குடிக்கிற தண்ணிக்கே அடிச்சுக்கிற ஊருல தண்ணி விளையாட்டா?" கேள்வி நியாயமாகத் தோன்றும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல்லில் பரிசல் ஏறக் காத்து நிற்கும் ஆண்களிடம் இதை யாரும் கேட்பதில்லை. வற்றிய ஏரியில் கிரிக்கெட் ஆடும் பையன்களிடமும் கேட்பதில்லை. பெண் விளையாடும்போது மட்டும் நாட்டின் வறுமை நம் நினைவுக்கு வருகிறது. ஒன்றை மறைக்க மாட்டேன்: இது பணம் தின்னும் விளையாட்டு. புதிதாக வாங்கினால் சில லட்சம் ஆகும். என் மகளிடம் இருப்பது மூன்று பெண்கள் சேர்ந்து வாங்கிய, யாரோ ஓட்டித் தேய்த்த பழைய பலகை. நானும் அவளும் சம்பளக்காரர்கள் என்பதால் இது நடந்தது. அதனால்தான் எல்லாப் பெண்களுக்கும் சிறகு வாங்கிக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. நான் கேட்பது என்ன என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

"கறுத்துப்போயிடுவா." கறுத்துத்தான் போயிருக்கிறாள். நாற்று நட்டும், கல் உடைத்தும், செங்கல் சுமந்தும் கறுத்த பெண்களைப் பற்றி இந்த ஊர் கவலைப்பட்டதாக எனக்கு நினைவில்லை. வேலையில் கறுத்தால் உழைப்பாளி, விளையாடிக் கறுத்தால் வரன் அமையாதவள்.

"பொண்ணு தனியா தண்ணிக்கரைக்குப் போனா ஆபத்து." இதுதான் மற்ற எல்லா மறுப்புக்கும் அடியில் கிடப்பது. இதே மாவட்டத்தில் அரூர் பக்கம் வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூன் 20ஆம் தேதி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலைவாழ் மக்களின் ஊருக்குள் புகுந்தார்கள். பதினெட்டுப் பெண்கள் வன்புணர்வுக்கு ஆளானார்கள். அவர்களை இழுத்துச் சென்றது ஏரிக்கரைக்கு. 2011இல் தர்மபுரி நீதிமன்றம் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. முப்பத்தொரு வருடம் அந்தப் பெண்கள் பின்வாங்காமல் நின்றார்கள். அவர்கள் யாரும் விளையாடப் போனவர்கள் கிடையாது. அவரவர் ஊரில் இருந்தவர்கள். ஏரி அவர்களை ஒன்றும் செய்யவில்லை, சீருடை செய்தது. ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டே, ஆபத்தை விட்டுவிட்டுப் பெண்ணைக் கட்டிப்போடுவதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வைக்காதீர்கள்.

"அதான் நேத்ரா குமணன் இருக்காங்களே, தமிழ்நாட்டுப் பொண்ணுதானே" என்றார் என்னோடு பணிபுரியும் ஒருவர். ஆமாம். 2021இல் டோக்கியோவில் நடந்த ஒலிம்பிக்கில் பாய்மரப் படகோட்டிய முதல் இந்தியப் பெண் அவர், சென்னைக்காரர். 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்கும் போனார். அந்த ஒலிம்பிக்கில் பெண்கள் இப்படி இறக்கை மாட்டிய பலகைகளில் பாயோடும் பட்டத்தோடும் போட்டியிட்டார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு பெண்ணைச் சாதனையாளர் என்று மேடையில் ஏற்றிவிட்டு மற்றவர்களைக் கிணற்றடியிலேயே நிறுத்திவைப்பது நமக்குப் பழகிப்போன தந்திரம். பதக்கம் வாங்காத பெண்ணுக்கும் தண்ணீர் வேண்டும். என் மகள் எந்தப் போட்டிக்கும் போகப்போவதில்லை. பாதி நேரம் விழுந்துகொண்டுதான் இருக்கிறாள்.

அப்படி விழுந்ததில் உடைந்ததுதான் மாடியில் கிடந்த பலகை. "யாராச்சும் பையன்கிட்ட குடுத்துச் சரி பண்ணிக்க" என்று இங்கேயும் அறிவுரை வந்தது. அவள் கேட்கவில்லை. பலகையின் உள்ளே இருப்பது தெர்மாகோல், நாம் கொலுவுக்கும் கல்யாண மேடைக்கும் வெட்டுகிற அதே பொருள். மேலே கண்ணாடி இழைத் துணியையும் எபாக்சிப் பசையையும் ஏற்றி இறுக வைத்திருக்கிறார்கள். வெடிப்பு விட்டால் உள்ளே உப்புத்தண்ணீர் இறங்கும், பலகை கனக்கும். முதலில் அது காய வேண்டும். தர்மபுரி வெயிலில் நேராக வைத்தால் உள்ளே காற்று விரிந்து மேல்தோல் உப்பிவிடும், அதனால்தான் போர்வை நிழல். எடை பார்க்கிற தராசில் தினமும் நிறுத்துப் பார்த்தாள். எடை குறைவது நின்ற அன்று உடைந்த ஓரத்தை வெட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். கடையில் கிடைக்கும் மலிவான பாலியெஸ்டர் பசையை வைத்தால் தெர்மாகோல் கரைந்து குழியாகிவிடும், எபாக்சிதான் போட வேண்டும். பசையையும் இறுக்கியையும் டப்பாவில் சொன்ன அளவுக்கு நிறுத்துக் கலக்க வேண்டும், கண்மதிப்பு உதவாது. முகமூடி, கையுறை. ஒரு முறை தோலுக்கு ஒவ்வாமல் போனால் பிறகு ஒவ்வாமலே போகும்.

என் அம்மா படியேறி வந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் பிறந்தது நாகமரைப் பக்கம், மேட்டூர் அணையின் நீர் தேங்கும் கரை. அக்கரையில் பண்ணவாடிக்குப் போக வேண்டுமென்றால் பரிசல்தான். மூங்கிலை முடைந்து, அடியில் தார் பூசிய பரிசல்.

"தார் பூசறப்ப இப்படித்தான் ஒரு சொட்டு விடாம தேய்ப்பாங்க. நாங்கதான் தாரக் காய்ச்சி எடுத்துக் குடுப்போம்" என்றார்.

"ஆயா, நீ பரிசல் ஓட்டியிருக்கியா?"

"தொடுப்பையா? அத எங்க தொட விட்டாங்க."

எழுபத்து மூன்று வயது. எத்தனை நூறு முறை அந்த நீரைக் கடந்திருப்பார். ஓட்டை அடைக்கத் தார் காய்ச்சியிருக்கிறார். துடுப்பைத் தொட்டதில்லை, நீச்சலும் தெரியாது. பரிசல் கவிழ்ந்தால் என்ன செய்திருப்பாய் என்று பேத்தி கேட்டதற்கு, "கவுறக் கூடாதுன்னு மாதேஸ்வரனை வேண்டிக்குவேன்" என்றார். வேலை அவருடையது, வாகனம் வேறொருவருடையது. வீட்டுக்குள் நாம் சமைத்துத் துலக்கிப் பராமரிக்கும் எல்லாவற்றிலும் இதே கணக்குத்தான். மகள் செய்த பழுதுபார்ப்பில் எனக்குப் பிடித்தது அந்தக் கணக்கை அது மாற்றியதுதான்: அடைத்ததும் அவள், ஏறப்போவதும் அவள். உடைந்தால் யாரையும் கெஞ்ச வேண்டாதவளை ஓட்டாதே என்று சொல்வது கடினம்.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களைச் சைக்கிளில் ஏற்றியபோதும் ஊர் கேலி பேசியது. ஆயிரக்கணக்கான பெண்கள் ஏறிப் போய்க்கொண்டே இருந்தார்கள், கேலி ஓய்ந்தது. இன்று பள்ளிப் பெண்களுக்கு அரசே சைக்கிள் கொடுக்கிறது.

ஆகவே நான் கேட்பது இதுதான். இந்த மாவட்டத்தில் பள்ளிக்கூடம் முடிக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும், எந்தச் சாதியாக இருந்தாலும், காலனியில் இருந்தாலும் மலையில் இருந்தாலும், நீச்சல் தெரிந்திருக்க வேண்டும். காலைச் சுற்றாத உடையில், பெண்களே சொல்லிக்கொடுக்க, பள்ளி நேரத்துக்குள்ளேயே. கிணறும் ஏரியும் இருக்கிற ஊரில் இதற்குச் சில லட்சம் வேண்டாம். சுரைக்குடுக்கை இல்லையென்றால் காலி பிளாஸ்டிக் கேன் போதும். அதற்குப் பிறகு அவள் பரிசல் ஓட்டுவாளோ, சிறகு பிடிப்பாளோ, சும்மா மல்லாந்து மிதப்பாளோ, அது அவள் பாடு.

எனக்கு நாற்பத்தேழு வயது. இந்த ஆடியில் அண்ணன் தோட்டத்துக் கிணற்றில் முதுகில் இரண்டு கேன் கட்டிக்கொண்டு இறங்கினேன். மகள் தண்ணீருக்குள்ளிருந்து என் வயிற்றுக்கு அடியில் கை கொடுத்தாள். பயத்தில் அவள் தோளை நகம் பதியப் பிடித்துக்கொண்டேன். நான்காம் நாள் அவள் கையை எடுத்தது எனக்குத் தெரியவில்லை. தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தது.

அடுத்த வீட்டுப் பெரியவருக்கு ஒரு பேத்தி இருக்கிறாள், ஆறாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை அவளை அனுப்பிவையுங்கள் ஐயா. இன்னும் இரண்டு கேன் இருக்கிறது.