குடல்வாய்ப் பை கசிவது ஏன்?

பெருங்குடலிலும் மலக்குடலிலும் தோன்றும் புற்றுநோய், குடலடைப்பு, விபத்தினால் நேரும் காயம், பிறவியிலேயே ஆசனவாய் சரிவர அமையாமை முதலியவற்றிற்கு அறுவைச் சிகிச்சை செய்யுங்கால், குடலின் ஒரு முனையை வயிற்றுச் சுவரின் வழியே வெளிக்கொணர்ந்து தைத்துவிடுவது உண்டு. இதனை மருத்துவர்கள் ஸ்டோமா என்பர். தமிழில் குடல்வாய் எனலாம். பெருங்குடலினின்று அமைவது கொலாஸ்டமி. சிறுகுடலின் கடைப்பகுதியினின்று அமைவது இலியாஸ்டமி. ஆசனவாய்க்கு உள்ளதுபோல் அடக்கி வைக்கும் தசை குடல்வாய்க்கு இல்லை. ஆகவே, மலம் தானாகவே வெளிவரும். அதனை ஏற்பதற்காக வயிற்றின்மீது ஒட்டப்படும் பையே அம்மனிதருக்கு நாள்தோறும் துணையாகிறது.

அறுவை உயிரைக் காக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் பை கசியத் தொடங்கினால், காக்கப்பட்ட அந்த வாழ்க்கையே சுருங்கிவிடுகிறது. பேருந்தில் ஏறத் தயக்கம் பிறக்கிறது; திருமண வீடுகள் தவிர்க்கப்படுகின்றன; வேலை கைவிடப்படுகிறது; மலம் குறையுமென்று எண்ணி உணவும் நீரும் குறைக்கப்படுகின்றன. வீட்டார் நாற்றத்தைத் தூய்மைக் குறைவு என்று கருதுகின்றனர். நாளடைவில் பை அணிந்தவரும் அதனையே நம்பிவிடுகின்றார். இக்கருத்து தவறானது. கசிவு பெரும்பாலும் பொருத்தத்தில் உள்ள குறையே அன்றி, அணிபவரின் குறை அன்று. காரணத்தை முறையாக ஆராய்ந்தால் பெரும்பாலும் திருத்திவிடலாம். அவ்வாராய்ச்சியின் முதற்படிகளைப் பெருநகர மருத்துவமனைக்கு மட்டுமே உரியனவாக விட்டுவிடாமல், ஊரில் உள்ள களப்பணியாளர்களும் அறிந்திருக்க வேண்டும்.

இத்துறையின் வரலாறும் இதனையே உணர்த்துகிறது. முன்னாளில் ரப்பர்ப் பைகளை இடைவாரினால் இறுகக் கட்டி வந்தனர். தோல் புண்ணாவது வழக்கமாக இருந்தது. 1952-இல் பர்மிங்ஹாம் நகரின் பிரயன் புரூக் என்னும் அறுவை மருத்துவர், சிறுகுடல் முனையை வெளிப்புறமாக மடித்துத் தைத்து, சிறு குழாய்மூக்குப்போல் நீட்டி நிற்கச் செய்யும் முறையை வெளியிட்டார். மலம் தோலைத் தொடாமல் பைக்குள் விழ அது வழிசெய்தது. 1954-இல் டென்மார்க்கைச் சேர்ந்த எலிசெ சோரென்சன் என்னும் செவிலியர், அறுவைக்குள்ளான தம் சகோதரியின் துயரைக் கண்டு, தோலில் ஒட்டிக்கொள்ளும் பையைக் கருதினார். அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ரூபர்ட் டர்ன்புல் என்னும் மருத்துவர், இந்தியக் காடுகளில் வளரும் மரமொன்றிலிருந்து கிடைக்கும் கராயாப் பிசினைக் கொண்டு தோலைக் காக்கலாம் எனக் கண்டார். அவரால் சிகிச்சை பெற்று இலியாஸ்டமியுடன் வாழ்ந்த நார்மா கில் என்னும் பெண்மணி, 1958 முதல் அங்கு மற்ற நோயாளிகளுக்குக் கற்பிக்கும் பணியை மேற்கொண்டார். இம்முன்னேற்றங்கள் யாவும் தோலுக்கும் பைக்கும் இடையிலுள்ள பொருத்தத்தைப் பற்றியனவே. அவற்றுள் இரண்டு, செவிலியர் ஒருவராலும் நோயாளி ஒருவராலும் வந்தவை.

முதலில் கவனிக்க வேண்டுவது அளவு. அறுவைக்குப்பின் குடல்வாய் வீங்கியிருக்கும். ஏறக்குறைய 6 முதல் 8 வாரங்களில் வீக்கம் வடிந்து அது சிறுத்துவிடும். மருத்துவமனையில் முதல் வாரத்தில் வெட்டிக் கொடுத்த காகித அளவை மாதக்கணக்கில் பின்பற்றுவதே பல கசிவுகளுக்குக் காரணம். ஆகவே அந்நாட்களில் வாரம் ஒருமுறையும், பின்னர் உடல் பருத்தபோதும் மெலிந்தபோதும், கருவுற்றபோதும், குழந்தையாயின் வளருந்தோறும், மீண்டும் அளத்தல் வேண்டும். வயிற்றில் ஒட்டும் தகட்டின் துளை, குடல்வாயைவிட 2 முதல் 3 மில்லிமீட்டர் மட்டுமே பெரிதாக இருத்தல் நன்று. துளை மிகப் பெரிதாயின், வெளியே தெரியும் தோலை மலம் அரிக்கும். சீரண நீர் கலந்த இலியாஸ்டமி மலத்தால் இக்கேடு விரைவில் நேரும். துளை சிறிதாயின், தகட்டின் விளிம்பு குடல்வாயை அறுக்கும். குடல்வாயில் வலியுணர்வு இல்லாமையால் அணிந்தவர் அதனை அறியமாட்டார். குடல்வாய் நீள்வட்டமாக இருப்பின் நீளம், அகலம் இரண்டையும் அளந்து காகிதத்தில் வரைந்து வெட்டிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவதாக, கழற்றிய தகட்டின் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். பலர் பார்க்காமலே எறிந்துவிடும் இத்தகடு உண்மையில் நல்ல சாட்சியாகும். எந்தப் பக்கத்தில் அது கரைந்தோ மலம் படிந்தோ இருக்கிறதோ, கசிவு அந்தப் பக்கத்தில் தொடங்கியது என்று அறியலாம். அதே இடத்தில் தோல் சிவந்திருப்பின் ஐயம் தீர்ந்தது. பின்னர் அவரைப் படுக்கவும், நிற்கவும், குனியவும், தரையில் சம்மணமிட்டு உட்காரவும், குந்தவும் செய்து வயிற்றைக் காண வேண்டும். மருத்துவமனையில் கட்டிலில் படுத்த நிலையில் தட்டையாகத் தோன்றும் வயிறு, தரையில் உட்கார்ந்தவுடன் மடிந்துவிடும். நம் நாட்டில் உண்பதும், வயலில் களையெடுப்பதும், கழிப்பிடம் செல்வதும் பெரும்பாலும் அமர்ந்தோ குந்தியோ நடைபெறுவன. அம்மடிப்பின் வழியே கசிவு உண்டாகுமாயின், அதற்கென விற்கப்படும் நிரப்புக் களிம்பையோ வளையத்தையோ கொண்டு பள்ளத்தைச் சமன்செய்யலாம். குடல்வாய் உள்வாங்கியிருந்தால் குவிந்த தகடும் இடைவாரும் உதவும். ஆயினும் இவற்றைப் பயிற்சி பெற்ற செவிலியரின் ஆலோசனையின்றித் தொடங்குதல் ஆகாது. சேலைக் கொசுவம், வேட்டியின் இறுக்கு, பாவாடை நாடா ஆகியவை பையின் குறுக்கே அழுந்தாதவாறு சற்று மேலாகவோ கீழாகவோ அமைதல் வேண்டும்.

மூன்றாவது, தோலும் ஒட்டும் முறையும். தேங்காய் எண்ணெய், எண்ணெய்ப் பசையுள்ள சோப்பு, முகப்பூச்சு மாவு, சாதாரணக் களிம்பு ஆகிய எதுவும் தகடு ஒட்டுமிடத்தில் இருத்தல் கூடாது. வெறும் நீரால் கழுவி, நன்கு உலர்த்தினால் போதும். தகட்டை உள்ளங்கைகளுக்கிடையே சிறிது நேரம் வைத்து இளஞ்சூடேற்றி, பின்னர் ஒட்டி மெல்ல அழுத்தினால் நன்றாகப் பற்றும். கோடையில் வியர்வையால் தகடு விரைவில் நெகிழுமாதலால், அக்காலத்தில் அடிக்கடி மாற்ற நேரிடும், அது குற்றமன்று. தகரக் கூரையின் அடியிலும் வெயிலிலும் பைகளைச் சேமித்தால் ஒட்டும் தன்மை கெடும். பை மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை நிரம்பியதும் வெறுமையாக்க வேண்டும். நிரம்பிய பையின் எடை தகட்டை இழுத்துவிடும். காற்று வெளியேற ஊசியால் குத்துதல் கூடாது. கசியும் தகட்டின்மேல் சிக்கனம் கருதிப் பிளாஸ்திரி ஒட்டுவோர் பலர். அதனால் கசிவு நிற்பதில்லை. மலம் உள்ளேயே தங்கித் தோலை அரிக்கிறது. கசிந்த தகட்டை மாற்றுவதே உண்மையான சிக்கனம்.

களப்பணியாளர் தம் எல்லையையும் அறிதல் வேண்டும். நலமான குடல்வாய், வாயின் உட்புறம்போல் சிவந்து ஈரமாக இருக்கும். கழுவும்போது சிறிது இரத்தம் கசிவது இயல்பு. அது கருத்தாலும், இரத்தப்போக்கு நிற்காவிடினும், வயிற்று வலியும் வாந்தியும் தோன்றி மலம் வருவது நின்றாலும், காலந்தாழ்த்தாமல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். இலியாஸ்டமி உள்ளவருக்கு மலம் நீராக மிகுதியாகப் போகுமாயின், உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து உடனே அழைத்துச் செல்லுதல் வேண்டும்.

ஆசிரியர்களுக்கும் இதில் பங்குண்டு. பிறவிக் குறைபாட்டினால் சிறிது காலத்திற்குக் கொலாஸ்டமி அமைக்கப்பெற்ற சிறுவர் பள்ளிக்கு வருவது உண்டு. வகுப்பில் அனுமதி கேட்டுக் காத்திராமல் வெளியே செல்ல அச்சிறுவனுக்கு இசைவு அளித்தல், மாற்றுப் பையும் உடையும் பள்ளியில் வைக்க இடமளித்தல், விளையாட்டினின்று காரணமின்றி விலக்காதிருத்தல், பெற்றோரும் குழந்தையும் விரும்பினாலன்றிப் பிறருக்குச் சொல்லாதிருத்தல் ஆகியவை போதும். கசிவு நேர்ந்த நாளில் ஆசிரியர் முகம் சுளிக்காதிருப்பதே அக்குழந்தை மறுநாள் பள்ளிக்கு வருவதற்குக் காரணமாகலாம்.

விலையுயர்ந்த பைகள் கிடைத்தாலன்றிப் பயனில்லை என்று கூறுவோர் உளர். நல்ல பைகள் ஏழைகளுக்கும் தடையின்றிக் கிடைக்க வேண்டும் என்பது உண்மையே. ஆனால் தவறாக வெட்டப்பட்ட உயர்ந்த பையும் கசியும். சரியாக அளந்து ஒட்டிய எளிய பையோ நாட்கணக்கில் உழைக்கும். ஆகவே, மருத்துவமனையினின்று வீடு திரும்பும் நாளோடு கற்பித்தல் முடிந்தது எனக் கருதும் வழக்கம் மாற வேண்டும். வீடு திரும்பிய 2-ஆம் வாரத்திலும், 6-ஆம் வாரத்திலும், 3-ஆம் மாதத்திலும் பொருத்தத்தைச் சோதித்தல் களப்பணியின் ஒரு கூறாக வேண்டும். ஒவ்வொரு துணைச் சுகாதார நிலையத்திலும் ஓர் அளவு அட்டை இருத்தல் வேண்டும். இதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. அந்த அட்டையை எடுத்துக்கொண்டு ஒரு வீட்டின் கதவைத் தட்டுவோர் இருப்பின், வீட்டுக்குள் ஒடுங்கியிருப்போர் பலர் மீண்டும் வெளியே வருவர்.