பொலிஸ் என்று சொன்னால் போதுமா?



கடந்த வாரம் நமதூர் உம்மா ஒருவருக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. "பொலிஸிலிருந்து பேசுகிறோம். உங்கள் மகன் போதைப்பொருளுடன் பிடிபட்டிருக்கிறார். கேஸ் போடாமல் விட வேண்டுமென்றால் இந்தக் கணக்குக்கு உடனே காசு போடுங்கள்." மகனோ அந்த நேரம் கடையில் வேலையில் இருந்தார். உம்மா காப்பை அடகு வைத்துக் காசைப் போட்டு விட்டார்.

விஷயம் தெரிந்ததும் நாமெல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "சட்டம் போதாது, தண்டனையைக் கூட்ட வேண்டும்."

சட்டம் இல்லாமலா இருக்கிறது? அரச ஊழியராக நடித்து, அந்தப் பதவியின் பெயரில் காரியம் பார்ப்பவருக்கு 2 வருடம் வரை சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும் என்று 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையிலேயே இருக்கிறது. ஏமாற்றிக் காசு பறித்தது வேறு குற்றம். ஆனால் முறைப்பாடே இல்லாவிட்டால் எந்தச் சட்டம் என்ன செய்யும்?

அந்த வீட்டார் முறைப்பாடு செய்யவில்லை. "நெருப்பில்லாமல் புகையுமா? மகன் குடுக்காரன்தான் போல" என்று ஊர் பேசும் என்ற பயம். அந்தப் பயத்தைக் கொடுத்தது கள்ளன் அல்ல, நாம்.

இன்னொரு பயமும் நமக்குள் இருக்கிறது. 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு நமது வீடுகளில் தேடுதல் நடந்த நாட்களில், யார் என்று கேட்காமலே கதவைத் திறக்கப் பழகினோம். கேட்டால் சந்தேகப்படுவார்களோ என்று நடுங்கினோம். போலிகளுக்கு அந்த நடுக்கமே முதல். சிவில் உடையில் வந்து, அடையாள அட்டை காட்டாமல் அதட்டும் அசல் பொலிஸாருக்கும் இதில் பங்கு உண்டு. அசலே அப்படி நடந்தால் போலியை மக்கள் எப்படிப் பிரித்தறிவார்கள்?

கைது செய்யப்படுபவருக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை. ஆகவே பெயர், பதவி, எந்தப் பொலிஸ் நிலையம் என்று மரியாதையாகக் கேளுங்கள். அடையாள அட்டையைப் பாருங்கள். 119க்கு அழைத்து உறுதிப்படுத்துங்கள். கேஸை முடிக்கக் காசு கேட்பவர் போலி என்றால் அது மோசடி, அசல் என்றால் இலஞ்சம். இரண்டுக்கும் கொடுக்கக் கூடாது.

கள்ளனுக்கு 2 வருடமா, 20 வருடமா என்று பிறகு பேசலாம். முதலில் அந்த உம்மா தலைகுனியாமல் பொலிஸ் நிலையம் போக, நாம் நாலு பேர் கூடப் போவோம்.